செக்கு எண்ணெய்க்கு நாமே விளம்பரம் எழுதுவது

"தரமான, சுத்தமான, பாரம்பரிய" என்ற மூன்று சொல்லையும் முதலில் அடித்துவிடுங்கள். கலப்பட எண்ணெய் விற்பவரும் அதையேதான் எழுதுகிறார். வாங்குபவர் மனதில் ஓடுவது வேறு: கருப்பட்டி போட்டு ஆட்டியதா, எப்போது ஆட்டியது, லிட்டர் என்ன விலை, கூரியர் தனியா?

இன்ஸ்டாகிராமில் முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும், மீதி மடங்கிவிடும். அங்கே "வணக்கம் நண்பர்களே" போட்டால் இடம் போச்சு. "வாகை மரச்செக்கில் செவ்வாய்தோறும் ஆட்டும் நல்லெண்ணெய், 1 லிட்டர் 480 ரூபாய்" என்று தொடங்கலாம். விலையை மறைத்து "இன்பாக்ஸில் கேளுங்கள்" என்றால் பாதிப் பேர் கேட்காமலே நகர்ந்துவிடுவார்கள்.

மூட்டுவலி தீரும், சர்க்கரை குறையும் என்றெல்லாம் வேண்டாம். உணவுப்பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018 விதிமுறைகளில் தடை இருக்கிறது. அதற்குப் பதில் உங்கள் 14 இலக்க உரிம எண்ணைப் போடுங்கள்; நம்பிக்கை தானாக வரும்.

எஸ்எம்எஸ் அனுப்புவதானால் கணக்கில் கவனம். ஆங்கிலத்துக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70தான். புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். 'நல்லெண்ணெய்' நமக்கு 6 எழுத்து, கணினிக்கு 11. எழுபதைத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் காசு.