ஒரு வருஷ மேயரும் பூண்டி ஏரியும்

மழை சீசன் வந்துட்டா எங்க வீட்ல பேப்பரைப் பிரிச்சதும் பாக்குறது ஏரி நிலவரம்தான், செம்பரம்பாக்கம் எவ்ளோ, புழல் எவ்ளோ, பூண்டி எவ்ளோன்னு. அந்த பூண்டிக்கு சத்தியமூர்த்தி சாகர்னு இன்னொரு பேர் இருக்குறது எனக்கு ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுது.

தீரர் சத்தியமூர்த்தின்னா திருமயத்துக்காரர், பெரிய பேச்சாளர், காமராஜருக்கு குரு, அதோட நாம முடிச்சிருவோம். 1939ல மெட்ராஸ் மேயரும் அவர்தான். அப்பல்லாம் மேயர் பதவி ஒரே ஒரு வருஷம், கவுன்சிலருங்க ஓட்டு போட்டு எடுப்பாங்க, அங்கி போட்டு சங்கிலி மாட்டி உக்காரலாம், ஆனா நிர்வாகம் பூரா கமிஷனர் கையில. மாலையை வாங்கிட்டு வருஷத்தை ஓட்டிட்டுப் போயிருக்கலாம்.

இவரு பிடிச்சது தண்ணி பிரச்சினையை. அதுவரைக்கும் கொசஸ்தலை ஆத்துல தாமரைப்பாக்கம் அணைக்கட்டுல இருந்து சோழவரம், அங்கருந்து புழல், அதை நம்பித்தான் ஊரே இருந்துச்சு. வெள்ளம் வந்தா மிச்ச தண்ணி எண்ணூர் பக்கம் கடலுக்குப் போயிரும், கோடையில குழாயில காத்து வரும். மேல பூண்டியிலயே மறிச்சு தேக்கிட்டா என்னங்கறதுதான் திட்டம். அதை சர்க்கார்கிட்ட ஒத்துக்க வைக்கணுமே, அதுவும் எந்த நேரத்துல பாருங்க, உலகப்போர் ஆரம்பிச்சிருச்சு, அக்டோபர்ல காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா பண்ணிட்டு வெளிய வந்திருச்சு, இவரோ காங்கிரஸ்காரர், காசுக்கும் அனுமதிக்கும் போய் நிக்க வேண்டியது வெள்ளைக்காரன்கிட்ட. நின்னாரு. 1940ல கவர்னர் ஆர்தர் ஹோப் வந்து அடிக்கல் நாட்டுனாரு.

எல்லாத்துலயும் அவர் பக்கம் நிக்க மாட்டேன், தேவதாசி ஒழிப்பு விஷயத்துல முத்துலட்சுமி ரெட்டிதான் சரி, இவரு தப்பு. ஆனா தண்ணின்னு வந்தா கும்பிடத்தான் தோணுது.

அப்புறம் ஜெயில், வெள்ளையனே வெளியேறு போராட்டத்துல திரும்பவும் ஜெயில், அங்கயே உடம்பு கெட்டு 1943 மார்ச் 28ல போயிட்டாரு, 55 வயசுதான். அணை திறந்தது 1944ல. 1996ல கிருஷ்ணா தண்ணி கால்வாய் வழியா வந்தப்பகூட முதல்ல வந்து சேர்ந்தது இதே பூண்டிக்குத்தான்.

மொத்த கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடின்னு பேப்பர்ல வருஷா வருஷம் படிக்கிறோம், பேர மட்டும் பூண்டின்னு போட்டு முடிச்சிடறாங்க.