ஒரு 'ஒய்' அழுத்தியதில் போன இரண்டு நாள்

டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டு ஓராண்டுக்கு மேல் தொந்தரவில்லாமல் ஓடிய கணினி. ஒரே குறை, மென்பொருள்களை இறக்கிக்கொள்ள டெபியன் வைத்திருக்கும் களஞ்சியத்தில் இருந்த காணொளித் தொகுப்பு மென்பொருள் பழைய பதிப்பு. என்னிடம் வந்த வேலையோ புதிய பதிப்பில் சேமித்தது. பழையதில் திறக்கவே இல்லை.

தேடியதில் உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸுக்காகக் கட்டிய டெப் கோப்பு, அதாவது நிறுவல் கோப்பு, கிடைத்தது. உபுண்டுவே டெபியனிலிருந்து பிறந்ததுதானே என்ற தைரியத்தில் நிறுவப் போனேன். மறுத்துவிட்டது. அது கேட்டது லிப்சி 2.38 அல்லது அதற்கு மேல். மற்ற நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை நூலகம் என்பார்கள்; லிப்சி அவற்றில் அடிப்படையானது. டெபியன் 12-இல் இருப்பது 2.36. இன்னொன்று, லிப்அசவுண்ட்2டி64 இல்லை என்றது. ஒலிக்கான அந்த நூலகம் என்னிடம் இருக்கிறதே, அதென்ன 'டி64' என்று குழம்பி ஒரு மணி நேரம் போனது. 32 பிட் கணினிகளில் 2038-இல் நேரக் கணக்கு நிரம்பி வழியும் சிக்கலைத் தீர்க்க, நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றிப் பல நூலகங்களை மறுபடி கட்டினார்கள். அப்போது பெயரில் ஒட்டிய வால் அது. உபுண்டு 24.04-இலும் டெபியன் 13-இலும் இந்தப் புதுப் பெயர், டெபியன் 12-இல் பழைய பெயர்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நான் செய்தது, களஞ்சியப் பட்டியலில் டெபியன் 13-க்கான வரியைச் சேர்த்து, அங்கிருந்து நிறுவச் சொன்னது. மென்பொருளை நிறுவவும் நீக்கவும் டெபியன் வைத்திருக்கும் கருவியான ஆப்ட் ஒளிக்காமல் எல்லாவற்றையும் காட்டியது. புதிதாக வருபவை, மேம்படுபவை, நீக்கப்படுபவை. பட்டியல் நீளமாக இருந்ததால் மேல்பாதி திரையைத் தாண்டி ஓடிவிட்டது. மேலே நகர்த்திப் படிக்காமல், சம்மதம் என்பதற்கான 'ஒய்' அழுத்தினேன். அடுத்த முறை கணினி எழுந்தபோது கறுப்புத் திரை பயனர் பெயர் கேட்டு நின்றது. சாளரங்களும் படவுருக்களும் காட்டும் மேசைச் சூழல் மொத்தமும் போயிருந்தது.

ஆப்ட் தன் பதிவு அடைவில் 'ஹிஸ்டரி' என்றொரு கோப்பு வைத்திருக்கிறது. எந்த நேரத்தில் எதை நிறுவியது, எதை நீக்கியது எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவர முயன்றேன். லிப்சி 2.41-க்கு ஏறிவிட்டிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு மற்றவையும் ஏறியிருந்தன. பின்னோக்கி இறங்குவதை டெபியன் ஆதரிப்பதில்லை. ஒன்றை இறக்கினால் மூன்று உடைந்தன. மறுநாள் மாலை கைவிட்டு, புதிதாக டெபியன் 12 நிறுவினேன். என் கோப்புகள் இருக்கும் 'ஹோம்' அடைவு வட்டின் தனிப் பிரிவில் இருந்ததால் அவை பிழைத்தன. உங்களுடையது தனியாக இல்லையென்றால், களஞ்சியப் பட்டியலைத் தொடும் முன் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் முறை நிதானமாகப் போனேன். 'ஆப்ட் பாலிசி' கட்டளை கொடுத்தால் ஒரு பொதி (நிறுவும் வடிவில் கட்டிய மென்பொருள்) எந்தக் களஞ்சியத்திலிருந்து, எந்தப் பதிப்பில், எந்த முன்னுரிமையோடு வரும் என்று தெரியும். பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தைச் சேர்த்துப் பார்த்தேன். புதிய பதிப்புகளை டெபியன் 12-இன் நூலகங்களோடு பொருந்தும்படி கட்டித் தருவது அது. அதன் முன்னுரிமை 100 தான், வழக்கமான களஞ்சியத்துக்கு 500. அதனால் நாமாகக் கேட்டால் ஒழிய அதிலிருந்து எதுவும் புதிதாக உள்ளே வராது. நான் தேடியது அதில் இல்லை, ஆனாலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

வெளியிலிருந்து இறக்கிய டெப் கோப்பையும் நிறுவாமலே ஆராயலாம். டெப் கோப்புகளைக் கையாளும் டிபிகேஜி என்ற கருவிக்கு 'இன்ஃபோ' தெரிவைக் கொடுத்தால் சார்புகளும் (அதற்குத் தேவையான மற்றப் பொதிகள்) எந்த வகைச் செயலிக்கானது என்பதும் வந்துவிடும். நிறுவும்போது ஆப்டுக்கு 'சிமுலேட்' சேர்த்தால் எதையும் மாற்றாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும். நீக்கப்படுபவை வரிசையில் ஒரு பெயர் இருந்தாலும் அது என்னவென்று தெரிந்த பிறகே இப்போது மேலே போகிறேன்.

கடைசியில் கைகொடுத்தது ஃபிளாட்பேக் என்ற வேறொரு நிறுவல் முறை. தனக்கு வேண்டிய நூலகங்களைத் தானே கொண்டுவருவதால் கணினியின் லிப்சி எந்தப் பதிப்பு என்று அது கவலைப்படுவதில்லை. முதல் தடவை ஒரு ஜிபிக்கு மேல் இறங்கியது, பரவாயில்லை. மென்பொருள் திறந்தது, கோப்பும் திறந்தது. ஆனால் வெளி வட்டிலிருந்த காட்சித் துண்டுகள் மட்டும் காணவில்லை. மறுபடியும் வயிறு கலங்கியது. ஃபிளாட்பேக் செயலிகள் அனுமதி தந்த அடைவுகளை மட்டுமே பார்க்கும் என்பது அப்புறம்தான் புரிந்தது. 'ஓவர்ரைடு' கட்டளையில் அந்த வட்டின் பாதையைச் சேர்த்தேன். துண்டுகள் எல்லாம் மென்பொருளின் காலக்கோட்டில் வந்து உட்கார்ந்தன.