வீட்டிலேயே டிஸ்க் லேபிள் அச்சடித்துப் பார்த்தேன்: 30 டிஸ்க், மூன்று வழிகள்

தாத்தாவின் குரல் இருந்த 7 கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றி முடித்தேன். எல்லாம் 60 நிமிட கேசட்டுகள். 80 நிமிட ஆடியோ சிடியாக எழுதியபோது 6 டிஸ்க் வந்தது, சொந்தக்காரர்கள் ஐந்து வீட்டுக்கும் ஒரு செட் என்று கணக்குப் போட்டால் 30. முதல் செட்டை வெறும் டிஸ்காகவே அத்தையிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாளே போன். "எதை முதல்ல கேக்கணும்னே தெரியலையேப்பா, எல்லாம் ஒரே மாதிரி பளபளன்னு இருக்கு." அவர் கேட்டது நியாயம்தான். அந்த ஆறில் ஒன்றில்தான் தாத்தா தன் சின்ன வயதுக் கதையைச் சொல்கிறார், அதைத் தேடி எடுக்க அவர் ஆறையும் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. லேபிள் வேலை அப்படித்தான் தொடங்கியது.

முதலில் மார்க்கர். எழுதுவதற்கு முன் கொஞ்சம் படித்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. சிடியில் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்தி வைப்போம், ஆனால் உண்மையில் ஆபத்து மேல்பக்கத்தில் இருக்கிறது. 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கின் மேல்தான் பதிவு இருக்கும் சாயப் படலமும் அதன் மேல் வெள்ளிப் படலமும் இருக்கின்றன, அவற்றை மூடியிருப்பது மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் அந்தப் படலமே கீறிப்போகும். டிவிடியில் இந்தப் பயம் குறைவு, அதில் தகவல் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. அதனால் நீர் சார்ந்த மையுள்ள, முனை மெத்தென்ற டிஸ்க் மார்க்கரால் எண்ணையும் ஆண்டையும் எழுதினேன். வேலை முடிந்தது, ஆனால் கையில் எடுத்துப் பார்த்தால் மனசு நிறையவில்லை. தாத்தாவின் படம் அதில் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

அடுத்து காகித ஸ்டிக்கர். ஏ4 தாளில் இரண்டு வட்டம் வெட்டிய லேபிள் தாள், வட்டத்தின் விட்டம் 117 மில்லிமீட்டர். டிசைனை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில், 1417 பிக்சல் சதுரமாக வைத்துக்கொண்டேன், டிஸ்கின் 120 மில்லிமீட்டருக்கு அது சரியாக வரும். முதல் அச்சைச் சாதாரணத் தாளில் எடுத்து, லேபிள் தாளின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வட்டம் சின்னதாக இருந்தது! ஸ்கேல் வைத்து அளந்தால் 113தான். பிரிண்ட் செய்யும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்பது தானாகவே டிக் ஆகி இருந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு 100 சதவீதம் என்று மாற்றியதும் கோட்டின் மேல் கோடு உட்கார்ந்தது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் லேபிள் தாளைப் பிரிண்டரில் விடவே விடாதீர்கள். லேசர் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் தாள் லேசருக்கானதுதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், இங்க்ஜெட் தாளின் பசை அந்தச் சூட்டில் இளகிவிடும்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் வந்தது. விளிம்பை ஒட்டி வளைவாகத் தலைப்பு வைக்கலாம் என்று 'தாத்தா சொன்ன கதைகள்' என்று அடித்து வளைத்தேன். நான் பயன்படுத்திய மென்பொருள் ஒவ்வொரு குறியையும் தனி எழுத்தாக எண்ணிக்கொண்டு, 'சொ'வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று சிதறடித்துவிட்டது. எழுத்துருவை மாற்றியும் சரியாகவில்லை. கடைசியில் நேர்கோட்டில் அடித்து, அதைப் படமாக மாற்றி, படத்தை வளைத்தேன். வளைந்தது, ஆனால் எழுத்துகளின் மேல்பக்கம் விரிந்து கீழ்ப்பக்கம் ஒடுங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது எல்லா டிஸ்கிலும் தலைப்பு நடு ஓட்டைக்கு மேலே நேராகத்தான் இருக்கிறது, படிக்கவும் அதுதான் சுகம். படத்தையும் இடப்பக்கம் தள்ளி வைத்தேன். முதல் டிசைனில் ஓட்டை சரியாகத் தாத்தாவின் முகத்தில் விழுந்திருந்தது, பார்க்கச் சகிக்கவில்லை.

ஒட்டுவதுதான் இதில் கஷ்டமான வேலை. நடுத்தண்டு உள்ள ஒட்டும் கருவியில் லேபிளைப் பசைப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, டிஸ்கைக் கவிழ்த்து ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். நிதானமாக அழுத்தலாம் என்று நினைத்தால் குமிழி வருகிறது. இரண்டு நன்றாக வந்தன. மூன்றாவது ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ந்து ஒட்டிக்கொண்டது. வீட்டு சிடி பிளேயரில் அது ஒழுங்காகப் பாடியது, ஏனென்றால் பாட்டு ஓடும்போது நிமிடத்துக்கு 200 முதல் 500 சுற்றுதான். கணினியின் 52எக்ஸ் என்ற அதிவேக டிரைவில் போட்டேன், அதன் உச்ச வேகம் 10,000 சுற்றை ஒட்டிப் போகும். மேசையே அதிர்ந்தது, சட்டென்று வெளியே எடுத்துவிட்டேன். பிரித்து மறுபடி ஒட்டலாமா என்று வீணாய்ப்போன ஒரு பழைய சிடியில் லேபிள் ஒட்டி, ஒரு நாள் கழித்து உரித்துப் பார்த்தேன். காகிதத்தோடு வெள்ளிப் படலமும் செதில் செதிலாக வந்தது. பல்புக்கு எதிரே பிடித்தால் கட்டைவிரல் அளவு இடத்தில் வெளிச்சம் அப்படியே ஊடுருவுகிறது. தாத்தாவின் குரல் இருக்கும் டிஸ்கில் இனி காகிதம் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பசை நாளாக நாளாக உலர்ந்து ஓரம் கிளம்புவது வேறு இருக்கிறது.

ஆகவே மூன்றாவது வழி, மேல்பக்கம் வெள்ளையாக இருக்கும் இங்க்ஜெட் பிரிண்டபிள் டிஸ்க். அதற்கு டிஸ்க் தட்டு உள்ள பிரிண்டர் வேண்டும், எப்சனும் கேனனும் அப்படிப்பட்ட மாடல்கள் விட்டிருக்கிறார்கள். டிஸ்கின் மேலேயே லேசரால் படம் பொறிக்கும் லைட்ஸ்கிரைப் என்று எச்பி ஒன்றைக் கொண்டுவந்தது, அதற்குத் தனி டிரைவும் தனி டிஸ்கும் வேண்டும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

வரிசை இதுதான்: முதலில் ஆடியோவை டிஸ்கில் எழுது, அப்புறம் முழுவதும் சரிபார், அதற்குப் பிறகே அச்சடி. முதல் பிரிண்ட் வலப்பக்கம் 1 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தது. ஒரே டிஸ்கில் நான்கு நிறத்தில் மெல்லிய வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் அமைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். நான்காவதான பச்சை வட்டம் விளிம்போடு ஒத்துப்போனது, அந்த எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பிரிண்டர் மூடியிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. வெள்ளைப் பூச்சு எங்கிருந்து தொடங்குகிறது என்று அளந்து பாருங்கள். சிலவற்றில் நடுவில் 22 மில்லிமீட்டர் விட்டத்திலிருந்தே வெள்ளை, சிலவற்றில் 40க்கு மேல்தான். நான் அளக்காமல் 22 வைத்து அடித்த டிஸ்கில், நடுவிலிருக்கும் வெறும் பிளாஸ்டிக்கில் விழுந்த மை மறுநாளும் உலரவில்லை, விரல் பட்டால் நீலமாக வந்தது. பூச்சின் மேல் விழுந்ததையும் ஒரு நாள் தனித்தனியாகப் பரப்பித்தான் உலர்த்துகிறேன். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் மேலே இருப்பதன் அடியில் மை ஒட்டும். கரும்பின்னணியில் வெள்ளை எழுத்து சின்னதாக இருந்தால் மை பரவி அடைத்துக்கொள்கிறது, 'ண', 'ன' இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. வெளிர்பின்னணிக்கு மாறிவிட்டேன்.

இதுவரை 24 முடிந்திருக்கிறது. மேலே பெரிதாக டிஸ்க் எண், கீழே பதிவான ஆண்டு, வலப்பக்கம் அதில் என்னென்ன பேசுகிறார் என்று மூன்று வரி. அத்தையின் செட்டைத்தான் முதலில் அச்சடித்துக் கொடுத்தேன், சின்ன வயதுக் கதை நான்காவது டிஸ்கில் இருக்கிறது. மீதி 6க்குச் சிவப்பு மை வர வேண்டும். அதற்குள் பெட்டியின் பின் அட்டையை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன், 151க்கு 118 மில்லிமீட்டர், இருபுறமும் மடிக்கும் முதுகு ஆறரை மில்லிமீட்டர்தான். அந்த இடத்தில் 'ஐ'யும் கொம்பும் நெருக்கிக்கொள்ளாமல் நிற்கும் ஓர் எழுத்துரு இன்னும் கிடைக்கவில்லை.