நேரு ஸ்டேடியத்தில் ஆடிய அணி என் அணிதான்

ஐ-லீக் பட்டியலிலிருந்தே காணாமல் போன சென்னை சிட்டி கால்பந்து அணியை இன்றும் தயங்காமல் ‘எங்கள் அணி’ என்று சொல்லும் கோயம்புத்தூர்க்காரர்களில் நானும் ஒருவன். பக்கத்துத் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர், “பேருலயே சென்னைன்னு இருக்குதுங்க, அதுக்கு நீங்க ஏனுங்க இத்தனை வருத்தப்படறீங்க?” என்று கேட்பார். நியாயமான கேள்விதான். 1946இல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய கழகம் அது. 2016-17 பருவத்தில், இந்தியாவின் தேசிய அளவிலான கால்பந்துத் தொடரான ஐ-லீக்கில் நுழைந்து, அடுத்த பருவத்தில் கோவைக்கு வந்தது. பெயரை மாற்றிக்கொள்ளாமலேயே வந்தது என்பதில் எனக்கும் அப்போது மனக்குறை இருந்தது. ஆனால் வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் நேரு ஸ்டேடியத்தில், மாலை வெயில் சாயும் நேரத்தில், கொல்கத்தாவின் புகழ்பெற்ற அணிகளான ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் நம் ஊர் மண்ணில் வந்து ஆடுவதை முதன்முறை பார்த்தபோது அந்தக் குறை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கோவையில் ஆடிய முதல் பருவத்தில் பத்து அணிகளில் எட்டாவது இடம்தான் கிடைத்தது. கேலரியில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும். ஓட்டப்பந்தயப் பாதை குறுக்கே இருப்பதால் மைதானம் கண்ணுக்கு எட்டத்தில்தான் தெரியும். இருந்தாலும் போத்தனூரிலிருந்தும் உக்கடத்திலிருந்தும் வருபவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். எனக்கு முன்வரிசையில் வழக்கமாக உட்காரும் பெரியவர் ஒருவர், பொரிகடலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, நம் பையன் பந்தைத் தவறவிட்டால் “போச்சாதுடா கண்ணு, அடுத்ததைப் புடி” என்று சத்தமாகச் சொல்வார். களத்தில் இருப்பவனுக்கு அது கேட்காது என்பது அவருக்கும் தெரியும். தோற்கும் அணிக்கு ஆதரவாக இருப்பது எப்படி என்பதை அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

அடுத்த பருவத்தில் சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸின் கீழ், ஸ்பெயினிலிருந்து வந்த வீரர்களும் நம் தமிழ்நாட்டுப் பையன்களும் சேர்ந்து ஆடிய ஆட்டம் வேறு தரத்தில் இருந்தது. பெத்ரோ மான்சி 21 கோல்கள் அடித்தார். 2019 மார்ச் 9 அன்று கடைசிப் போட்டி, முந்தைய ஆண்டின் சாம்பியனான மினர்வா பஞ்சாபுக்கு எதிராக நம் மைதானத்திலேயே நடந்தது. தொடங்கிய சில நிமிடங்களிலேயே எதிரணி கோல் அடித்துவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில், பட்டத்துக்கு நம்மோடு மோதிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்காலின் போட்டி நடந்துகொண்டிருந்ததால், ஒரு கண் களத்திலும் இன்னொரு கண் கைப்பேசியிலுமாக அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன்செய்தார். பிறகு, கோல் அடிப்பது தன் வேலையே இல்லாத தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல்களைப் போட்டார். மூன்றுக்கு ஒன்று. 43 புள்ளிகளோடு ஐ-லீக் பட்டம் நமக்கு, இரண்டாம் இடத்தில் நின்ற ஈஸ்ட் பெங்காலுக்கு 42. முன்பின் தெரியாத மனிதர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுததை அன்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்தவைதான் என்னை இன்றளவும் கோபப்பட வைக்கின்றன. பட்டம் வென்ற அணியைக் கட்டிக்காப்பது நிர்வாகத்தின் முதல் கடமை. ஆனால் அந்த அணியில் ஆடிய எட்வின் வான்ஸ்பால் ‘சென்னையின் எஃப்.சி.’ என்ற வேறொரு அணிக்கும் நெஸ்தர் கோர்டில்லோ ஹைதராபாத்துக்கும் போனார்கள். பருவத்தின் நடுவில் மான்சியும் ஜப்பானுக்குப் போய்விட்டார். சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் 26 சதவீதப் பங்கை வாங்கியது என்ற செய்தி வந்தபோது, இனிமேல் இளைஞர் பயிற்சியும் ஒழுங்கான நிர்வாகமும் வரும் என்று நம்பினோம். ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச்சுற்றில், 2020 ஜனவரியில், பஹ்ரைனின் ரிஃபா அணியை நம் அணி எதிர்கொண்டபோது அந்தப் போட்டி அகமதாபாத்தில் நடந்தது. கோவையின் கால்பந்து வரலாற்றிலேயே பெரிய போட்டியைக் கோவை தொலைவிலிருந்து பார்த்தது. ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். பெருந்தொற்றின் காரணமாக 2021 பருவம் முழுவதும் மேற்கு வங்காளத்தில் நடந்தது. அதில் கீழ்வரிசை அணிகளுள் ஒன்றாக முடித்தோம். அடுத்த பருவத்துக்கான ஐ-லீக் பட்டியலில் நம் அணியின் பெயரே இல்லை. பட்டம் வென்று மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை.

நிர்வாகம் சரியில்லையென்றால் ஆதரவை விலக்கிக்கொள்வதுதான் முறை என்று பலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. அமெரிக்காவின் ஓக்லாந்து பேஸ்பால் அணி 2023இல் 112 ஆட்டங்களில் தோற்றது. உரிமையாளர் அணியை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டிருந்தார். அந்த ஜூன் மாதத்தில் ரசிகர்கள் மைதானத்தைப் புறக்கணிப்பதற்குப் பதிலாக அதை நிரப்பினார்கள். 27,759 பேர் வந்து, அணியை விற்றுவிடு என்று உரிமையாளரைப் பார்த்து முழங்கினார்கள். அதே மூச்சில் தங்கள் வீரர்களுக்காகக் கைதட்டவும் செய்தார்கள். உரிமையாளர் மனம் மாறவில்லை, அணி ஊரைவிட்டுப் போயே போய்விட்டது. ஆனாலும் அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். களத்தில் ஓடுபவனுக்கும் கணக்குப் புத்தகத்தை வைத்திருப்பவருக்கும் உள்ள வேறுபாடு அந்த ரசிகர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

கொங்கு நாட்டில் பஞ்சாலைக் காலத்திலிருந்தே விளையாட்டுக்குப் பணம் கொடுக்கும் பழக்கம் உண்டு. தொழில் நடத்தத் தெரிந்தவர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. அடுத்து ஒரு அணி வரும்போது அது கோவையின் பெயரோடு வர வேண்டும், வீரர்களின் ஒப்பந்தங்கள் ஒரு பருவத்தோடு கரைந்துபோகாதவையாக இருக்க வேண்டும், ஆசியப் போட்டி நடத்துவதற்குரிய வசதிகளோடு மாநகராட்சி நேரு ஸ்டேடியத்தைத் தயார்செய்ய வேண்டும் என்று, கேட்கும் இடத்திலெல்லாம் சொல்லிவருகிறேன். அந்த அணி முதல் வருடம் எட்டாவதாக வந்தாலும் பத்தாவதாக வந்தாலும் எனக்கு ஒன்றுதான். பருவச் சீட்டை முதல் நாளே வாங்கிவிடுவேன்.