பில் வரலைன்னா முதலில் எங்கே பார்ப்பது?

சித்தப்பாவுக்கு ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை. பில்லிங், ஆர்டர் கணக்கு எல்லாம் காரைக்குடி வீட்டு இரண்டாம் கட்டில் இருக்கிற மினி பிசியில், டாக்கர் கன்டெய்னர்களாக (ஒவ்வொரு புரோகிராமையும் தனித்தனிப் பெட்டியில் அடைத்து ஓட்டும் முறை) ஓடுகிறது. "ஏப்பா, பில் வரமாட்டேங்குது, என்னன்னு பாரு" என்று போன் வந்தால், கரண்ட் போச்சா, நெட் போச்சா, இல்லை கன்டெய்னர்தான் படுத்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகத் துழாவ வேண்டும். அதற்காகத்தான் எண்களைச் சேகரித்து வைக்கும் ப்ரோமிதியஸும், அவற்றைப் படமாகக் காட்டும் கிராஃபானாவும் போட்டேன்.

ப்ரோமிதியஸ் 2012-ல் சவுண்ட்கிளவுட் கம்பெனிக்குள் தொடங்கியது. பெரிய இடத்துச் சரக்குதான், ஆனாலும் எந்தெந்தக் கன்டெய்னர் ஓட வேண்டும் என்று எழுதிவைக்கிற ஒரே கம்போஸ் ஃபைலில் வீட்டு மிஷினிலும் அடங்கிவிடுகிறது. அது தண்டல்காரர் மாதிரி. நாம் எதையும் அனுப்ப வேண்டாம், அதுவே குறித்த நேரத்துக்கு ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டர் (எண்களை எடுத்து நீட்டும் சின்ன புரோகிராம்) வாசலுக்கும் போய் எண்களை வாங்கி வரும், ஆள் இல்லை என்றால் அதையும் 'அப்' என்ற கணக்கில் 0 என்று எழுதிக்கொள்ளும். மிஷினின் டிஸ்க், மெமரிக்கு நோட் எக்ஸ்போர்ட்டர், கன்டெய்னர் ஒவ்வொன்றும் எவ்வளவு தின்கிறது என்று பார்க்க சிஅட்வைசர்.

கிராஃபானாவில் டேட்டா சோர்ஸாக ப்ரோமிதியஸின் முகவரியைக் கொடுக்கும்போது லோக்கல்ஹோஸ்ட் 9090 என்று போட்டால் கிடைக்காது, கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான்; கம்போஸில் வைத்த சர்வீஸ் பெயரைப் போடுங்கள். ப்ரோமிதியஸ், கிராஃபானா இரண்டுக்கும் வால்யூம் (கன்டெய்னருக்கு வெளியே டேட்டாவை வைக்கும் இடம்) கட்டாயம், இல்லையென்றால் கன்டெய்னரை அழித்து மறுபடி எழுப்பும்போது பழைய கிராஃப் எல்லாம் காலி. ப்ரோமிதியஸ் தானாக வைத்திருப்பது 15 நாள் கணக்குதான், அதிகம் வேண்டுமென்றால் நாம்தான் மாற்ற வேண்டும். அப்புறம், முதலில் வரும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றாமல் கிராஃபானாவின் 3000 போர்ட்டை வெளியே திறந்து வைக்கிறவர்களை என்ன சொல்ல! சித்தப்பா போனில் வயர்கார்டு என்ற விபிஎன் போட்டுத்தான் பார்க்கிறார்.

டேஷ்போர்டு விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கிராஃபானாவில் 1860 என்ற எண்ணைக் கொடுத்தால் நோட் எக்ஸ்போர்ட்டருக்கான ரெடிமேட் டேஷ்போர்டு இறங்கும், பார்க்கப் பிரமாதம், ஆனால் அத்தனை கட்டங்களில் சித்தப்பாவுக்கு வேண்டியது எங்கே இருக்கிறது? அதனால் தனியாக நாலே கட்டம்: பில்லிங் உயிரோடு இருக்கிறதா, டிஸ்க்கில் எவ்வளவு மிச்சம், மிஷின் கடைசியாக எப்போது பூட் ஆனது, நெட் எப்படி.

இதில் நெட் கட்டம்தான் அதிகம் உழைக்கிறது. ரூட்டர் முகப்பில், மிஷின் இரண்டாம் கட்டில், நடுவே முற்றத்தைச் சுற்றிய முழு வளவும் அந்தக் காலத்துத் தடிச் சுவர்களும். வைஃபை திணறித்தான் வந்து சேரும். பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர் ரூட்டரையும் வெளியே ஒரு முகவரியையும் தனித்தனியாகப் பிங் செய்கிறது, அதாவது பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கிறது. இரண்டும் சிவப்பானால் கோளாறு வீட்டுக்குள்ளே, வெளி முகவரி மட்டும் சிவப்பானால் நெட் கம்பெனிக்குப் போன் போடலாம். தொடர்ந்து 5 நிமிடம் சிவப்பாக இருந்தால்தான் அலர்ட் என்று வைத்திருக்கிறேன், வைஃபை சும்மா ஒரு நொடி விக்கினதற்கெல்லாம் யார் எழுந்து ஓடுவது?

கரண்டே போய் இன்வெர்ட்டரும் இறங்கிவிட்டால் கண்காணிக்கிற மிஷினும் சேர்ந்து போய்விடும், அலர்ட் அனுப்ப ஆளே இருக்காது. அதற்கு எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கிற ஒரு அலர்ட்டை, ப்ரோமிதியஸின் அலர்ட்களை அனுப்பிவைக்கும் அலர்ட்மேனேஜர் வழியாக வெளியே ஒரு சர்வருக்கு அனுப்புகிறேன். அது வருவது நின்றால் அந்த சர்வர் எனக்கு மெசேஜ் போடும்.