நம் வண்டி பக்கத்து ஊருக்குப் போயிருக்கும்போது

கலிஃபோர்னியாவில் ஒரு சிறிய நகராட்சியில், நகரச் செயலர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நகர மன்றக் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிப்பது, தீர்மானங்களைப் பதிவு செய்வது, பொதுமக்கள் கேட்கும் ஆவணங்களைத் தேடி எடுத்துக் கொடுப்பது என்று நாள் ஓடும். என் மேசை வழியாகப் போகும் காகிதங்களில் எது முக்கியம் என்று கேட்டால் பட்ஜெட்டைச் சொல்ல மாட்டேன். தீயணைப்புத் துறை அக்கம்பக்கத்து ஊர்களோடு செய்துகொள்ளும் பரஸ்பர உதவி ஒப்பந்தத்தைத்தான் சொல்வேன். ஏழெட்டுப் பக்கம்தான் இருக்கும். யார் வீட்டில் தீப்பிடித்தால் யாருடைய வண்டி வரும், நம் வண்டி வெளியே போயிருக்கும்போது நம் ஊரை யார் பார்த்துக்கொள்வார்கள், வீரர் ஒருவருக்கு அடிபட்டால் யார் பொறுப்பு, செலவு யார் தலையில் விழும் என எல்லாமே அதற்குள் இருக்கிறது.

தீயணைப்பு விஷயத்தில் எந்த ஊரும் தன்னை மட்டும் நம்பியிருக்க முடியாது. சாதாரண ஒரு நாளுக்குத் தேவையான ஆட்களையும் வண்டிகளையும் வைத்துக்கொள்ளத்தான் எந்த நகராட்சிக்கும் வசதி உண்டு. காற்று பலமாக அடிக்கும் மதியத்தில் மலைச்சரிவில் தீ பிடித்தால் அது போதாது. அதனால்தான் 1950-லேயே மாநிலம் தழுவிய ஒப்பந்தம் ஒன்று இங்கே கையெழுத்தானது. ஆபத்து என்றால் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும். ஆனால் தன் ஊரின் பாதுகாப்பு நியாயமில்லாத அளவுக்குக் குறையும்படி யாரும் கொடுக்கத் தேவையில்லை. அந்த அளவு எது என்று ஒப்பந்தம் சொல்வதில்லை. அன்றைக்குப் பணியில் இருக்கும் அதிகாரி ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு சில நொடிகளில் முடிவெடுக்கிறார். அவர்கள் முடிவெடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அந்தத் திறமை மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அப்படி வருடம் முழுக்க எடுத்த முடிவுகளைக் கூட்டிப் பார்த்தால் ஊருக்கு என்ன வந்தது, என்ன போனது என்பதை மக்களுக்குச் சொல்வது அந்த அதிகாரியின் வேலை இல்லை. அது நகராட்சியின் வேலை.

இதில் இரண்டு வகை இருக்கிறது. பரஸ்பர உதவி என்றால் கேட்டால்தான் வண்டி கிளம்பும். ஆட்டோமேட்டிக் எய்டு என்றால் கேட்கவே வேண்டாம். எல்லைக்கோடு எங்கே இருந்தாலும் சரி, எந்த நிலையம் பக்கமோ அந்த வண்டியை, அவசர அழைப்புகளை வாங்கி வண்டிகளை அனுப்பும் டிஸ்பாட்ச் மையமே அனுப்பிவிடும். இரண்டாவது வகையில் வண்டிகள் தினம் தினம் எல்லை தாண்டுகின்றன. வீட்டுக் காப்பீட்டுக்கு நிறுவனங்கள் பார்க்கும் 1 முதல் 10 வரையிலான தீப்பாதுகாப்புத் தரவரிசையிலும் இந்த உதவிக்கு மதிப்பெண் உண்டு. பிரீமியம் கட்டுகிற வீட்டுக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தெரியாமல் போவதற்குக் காரணம், இந்த ஒப்பந்தங்கள் மன்றத்துக்கு வரும் விதம். எங்களிடம் கன்சென்ட் காலண்டர் என்று ஒரு பகுதி உண்டு. போன கூட்டத்தின் குறிப்புகள், வழக்கமான பில்கள், சின்னச் சின்ன ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, விவாதம் இல்லாமல், ஒரே ஓட்டில் நிறைவேற்றுவார்கள். பரஸ்பர உதவி ஒப்பந்தத்தின் புதுப்பிப்பும் எங்கள் ஊரில் பல காலம் அந்தக் கட்டுக்குள்தான் வந்துகொண்டிருந்தது. சட்டப்படி அதில் ஒரு குறையும் இல்லை. உள்ளாட்சிக் கூட்டங்கள் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்கிற மாநிலச் சட்டமான பிரவுன் சட்டம் சொல்கிறபடி கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்டிவிடுவோம், ஒப்பந்தமும் இணைப்பாக இருக்கும். ஒளிவு மறைவு கிடையாது. ஆனால் அதைப் படித்தால் ஒன்றும் விளங்காது. ‘தரப்பினர்’, ‘இழப்பீட்டுப் பொறுப்பு’ என்று போகும் அந்த வாசகத்தை வைத்துக்கொண்டு, போன வருடம் நம் வண்டி எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதை எனக்கு உறைக்க வைத்தவர், எங்கள் கவுன்டருக்கு வந்த ஓர் ஓய்வுபெற்ற பெண்மணி. ஒப்பந்தத்தின் நகலை ஏற்கெனவே படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். “எனக்கு இது வேண்டாம். என் வீட்டுக்காரருக்கு இதய நோய். எங்கள் பக்கத்து நிலையத்து வண்டி வெளியூர் போயிருக்கும்போது எங்கள் தெருவுக்கு எது வந்தது, எவ்வளவு நேரத்தில் வந்தது? அதுதான் வேண்டும்” என்றார். இந்த நாட்டில் தீயணைப்பு வண்டிகளுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி தீ அல்ல, மருத்துவ உதவி. அவர் கேட்டது நூறு சதவீதம் நியாயமான கேள்வி.

ஒப்பந்தம் என் அலமாரியில் இருந்தது. அவர் கேட்டதோ டிஸ்பாட்ச் பதிவில் இருந்தது. அதை எடுத்துத் தரச் சொன்னபோது எங்கள் தீயணைப்புத் தலைவர் தயங்கினார். “இதைப் போட்டால் நாங்கள் ஊரைக் காலியாக விட்டுவிட்டுப் போகிறோம் என்றுதான் படிப்பார்கள். நாளைக்கு நமக்கு வேண்டும்போது அடுத்த ஊர்க்காரர் யோசிப்பார்” என்றார். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தகவல் வெளியே போய், அரைகுறையாகப் புரிந்துகொள்ளப்பட்டு, கடைசியில் உதவியே நின்றுபோனால் அதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை. எந்த நிலையம் இப்போது காலி என்பதை நேரலையில் யாரும் கேட்கவும் இல்லை, அதைக் கொடுக்கவும் கூடாது. ஆனால் முடிந்துபோன வருடத்தின் கணக்கை வெளியிடுவதில் யாருக்கும் ஆபத்து இல்லை.

பதிவு வந்தது. நோயாளிகள் இருந்த முகவரிகளை மறைக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு வரியையும் நானே பார்த்தேன். அழைப்பு வந்த நேரம், கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், திரும்பிய நேரம், வண்டி எண் என்று வரிசையாக இருக்கும். ஒரு மதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2:06-க்கு நம் வண்டி பக்கத்து ஊர்ப் புல்வெளித் தீக்குக் கிளம்புகிறது. 2:31-க்கு நம் ஊரில் ஒருவருக்கு நெஞ்சுவலி. அதற்குப் போன வண்டியின் எண் நம்முடையது இல்லை. வடக்கே இருக்கும் வேறொரு ஊருடையது. நம் இடத்தை நிரப்ப அதை ஏற்கெனவே நம் நிலையத்துக்கே நகர்த்தி நிறுத்தியிருந்தார்கள். வழக்கமான நேரத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஏற்பாடு அன்றைக்கு அழகாக வேலை செய்திருக்கிறது. அப்படி நிரப்பப்படாத மதியங்களும் அதே பட்டியலில் இருந்தன. இரண்டும் ஊருக்குத் தெரிய வேண்டும். முதலாவது தெரிந்தால் நம்பிக்கை வரும், இரண்டாவது தெரிந்தால் பட்ஜெட்டில் எதைக் கேட்பது என்று புரியும்.

கூட்டிப் பார்த்தபோது, நாங்கள் கொடுத்தது பெற்றதைவிட நன்றாகவே அதிகம். இதை வைத்து ‘நமக்கு நஷ்டம்’ என்று யாராவது பேசினால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே ஒரு பெரிய தீ வந்தால் இந்தக் கணக்கு ஒரே ராத்திரியில் தலைகீழாகிவிடும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியதை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் எரிந்தபோது வாஷிங்டன், பிலடெல்ஃபியா, நியூயார்க்கிலிருந்தெல்லாம் வண்டிகள் ஓடி வந்தன. அவர்கள் கொண்டுவந்த பல ஹோஸ்களின் முனை அந்த ஊர் ஹைட்ரன்டில், அதாவது தீயணைக்கத் தண்ணீர் எடுக்கும் தெருக் குழாயில், பொருந்தவில்லை. 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. சரி, அது பழைய காலம் என்று விட முடியாது. 1991 அக்டோபரில், எங்கள் மாநிலத்திலேயே, 25 பேரைக் கொன்ற ஓக்லாந்து மலைத் தீயில் அதே பிரச்சினை: அந்த ஊர் ஹைட்ரன்டுகளின் வாய் 3 அங்குலம், உதவிக்கு வந்தவர்களிடம் இருந்த ஹோஸ் இணைப்பு 2½ அங்குலம். ரேடியோ அலைவரிசை ஒத்துப்போகுமா, இணைப்பு பொருந்துமா, கூட்டுப் பயிற்சி எப்போது என்பதெல்லாம் மன்றத்தில், மைக்கில், நாலு பேர் முன்னால் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். விவாதமில்லாத ஓட்டில் அவை கேட்கப்படுவதே இல்லை.

பணத்திலும் கவனிக்க ஒன்று உண்டு. ‘மத்திய அரசு நிதி வந்தால் மட்டும் உதவிய செலவுக்குப் பில் அனுப்புவோம்’ என்று ஒப்பந்தத்தில் எழுதினால், பேரிடர் நிவாரண அமைப்பான ஃபெமா அந்தச் செலவைத் திருப்பித் தராது. நல்ல மனதோடு எழுதும் ஒரே ஒரு வரி போதும், பெரிய தொகை கைநழுவிவிடும்.

கடந்த புதுப்பிப்பின்போது உறுப்பினர் ஒருவர் இந்த ஒப்பந்தத்தைக் கன்சென்ட் காலண்டரிலிருந்து வெளியே எடுக்கச் சொன்னார். அதற்கு ஓர் உறுப்பினர் கேட்டாலே போதும். தீயணைப்புத் தலைவரே அட்டவணையைத் திரையில் போட்டு விளக்கினார். நிரப்பப்படாத மதியங்களையும் அவர் மறைக்கவில்லை. அவர் மேல் எனக்கு இருந்த மதிப்பு அன்றைக்குக் கூடியது. இப்போது ஒவ்வொரு நிதியாண்டு முடிவிலும் கொடுத்தது, பெற்றது, இடம் நிரப்பப்பட்டது என்ற மூன்றும் ஒரு பக்க அறிக்கையாக மன்றத்துக்கு வருகிறது.

உங்கள் ஊரில் இது வரவில்லை என்றால் கேளுங்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை; கொடுக்க முடியுமா முடியாதா என்று 10 நாளைக்குள் பதில் வர வேண்டும், சில காரணங்களுக்கு மட்டும் இன்னும் 14 நாள் வரை நீட்டிக்கலாம். ஒப்பந்தத்தை மட்டும் கேட்காதீர்கள். ‘கொடுத்த உதவி, பெற்ற உதவி பற்றிய டிஸ்பாட்ச் பதிவுகள்’ என்று தேதி வரம்போடு எழுதிக் கேளுங்கள்.

எங்கள் அறிக்கையிலும் பாதிதான் இருக்கிறது. நம் ஊருக்குள் வந்த வண்டிகள் தங்கள் ஊரில் எதை விட்டுவிட்டு வந்தன என்பது பக்கத்து நகராட்சிகளின் பதிவில்தான் இருக்கும். ஒரு நகராட்சி தர ஒப்புக்கொண்டிருக்கிறது. மற்ற இரண்டிலும் ஒப்பந்தம் இன்னும் விவாதமில்லாத கட்டில்தான் போகிறது. அந்த அலுவலகங்களில் என் வேலையைப் பார்ப்பவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.