வெள்ளியின் மேல் சுண்ணாம்பு

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு) ஒரு தெளிந்த வளையம் தெரிந்தாலே எனக்குப் போதும். கதீட்டர் என்பது சிறுநீர் வடியச் சிறுநீர்ப்பைக்குள் செருகும் குழாய். கிருமியைத் தடுக்க வெள்ளி பூசிய கதீட்டரில் சிறு துண்டு நறுக்கி, பாக்டீரியா பரப்பிய தட்டில் வைத்துவிட்டுப் போவேன். மறுநாள் காலை துண்டைச் சுற்றிக் கிருமியே வளராத வட்டம் இருக்கும். ஸ்கேலால் அளந்து, படமெடுத்து, வருவோர் போவோருக்கெல்லாம் காட்டுவேன்.

பிறகு செயற்கைச் சிறுநீர்ப்பைக்கு வந்தோம். பெயர்தான் பெரிது. சுற்றிலும் 37 டிகிரி நீர் ஓடும் கண்ணாடிக் குடுவை, அடியில் கதீட்டர், மேலிருந்து சொட்டும் செயற்கைச் சிறுநீர், அவ்வளவே. அதில் கதீட்டரை அடைக்கவைக்கும் புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியாவை விட்டு, சாதாக் குழாயையும் பூச்சுள்ளதையும் அருகருகே ஓட்டினோம். சாதாக் குழாய் முதலில் அடைத்தது. மற்றதும் வெகுநேரம் தாங்கவில்லை.

நீளவாக்கில் பிளந்தால் உள்ளே சுண்ணாம்பு போல அப்பிக் கிடந்தது. புரோட்டியஸின் யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும், காரத்தன்மை ஏறும், மெக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட் படிகங்களாகப் படியும். படிகம் வெள்ளியை மூடியபின் மேலே வந்து ஒட்டும் கிருமிக்கு, அடியில் என்ன பூசியிருக்கிறோம் என்று தெரியவா போகிறது? என் அகார் தட்டில் இந்தச் சங்கதியே கிடையாது.

இன்னொரு முறை நேர்மாறாக ஏமாந்தேன். கிரிஸ்டல் வயலட் சாயமேற்றிப் பார்த்தால் இரண்டு குழாய்த் துண்டுகளும் ஒரே ஊதா. பூச்சு வீண் என்றே முடிவுகட்டிவிட்டேன். செத்த கிருமியையும் சாயம் பிடிக்கும் என்பது உறைக்க இரண்டு நாள் ஆனது (பாடத்தில் படித்ததுதான்!). துண்டுகளை அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு, ஒட்டியதைப் பிரித்து வளர்த்து எண்ணினால் பூச்சுள்ளதில் உயிருள்ளவை குறைவு. அந்தச் சந்தோஷமும் அரைகுறைதான். செத்தவை விரித்த பாயில் அடுத்தவை வந்து உட்காரும்.

2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வை அப்புறம்தான் முழுதாகப் படித்தேன். பிரிட்டனின் 24 மருத்துவமனைகள், 7,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள், எல்லோரும் குறுகிய காலம் மட்டும் கதீட்டர் வைத்துக்கொண்டவர்கள். வெள்ளி உலோகக் கலவை பூசிய கதீட்டர் அறிகுறியுள்ள சிறுநீர்த் தொற்றைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. படிக்கும்போது என் வளையப் படங்கள்தான் கண்முன் வந்தன.

இப்போது புதுப் பூச்சு எது வந்தாலும் நேராகக் குடுவைக்குத்தான். ஓட்டம் முடிந்தால் கண்ணாடியில் ஒட்டிய வெள்ளைப் படிவை நீர்த்த அமிலம் ஊற்றி ஊறவைத்துத்தான் கழற்ற வேண்டும். இந்த வாரம் என் முறை.